மூன்றாவது விளக்கு

கிணற்றுக்குப் போகும் கம்பியை அறுத்துப் பத்து நாளாயிற்று. ஆனாலும் கம்ப்யூட்டரின் முகப்பில் மூன்றாவது விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

மாரப்பன் மெஷினை அணைத்துப் போட்டுப் பார்த்தான். மறுபடி எரிந்தது. மதியம் இரண்டு மணி. வெளியே மழை தகரக் கூரையை ஓயாமல் அடித்துக்கொண்டிருக்க, உள்ளே ஈரச் சுவரின் பாசி நாற்றமும் டெலிபிரிண்டரின் எண்ணெய் வாடையும் கலந்து மூக்கில் ஏறின.

எழுபத்தெட்டில் இண்டூருக்கு மேற்கே உள்ள அணைக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது, பழம் தின்று கொட்டை போட்ட தன்னிடம்தான் அதைக் கொடுப்பார்கள் என்று இருந்தான் மாரப்பன். கொடுத்தது சர்தாரிடம். தருமபுரிக்காரன், இருபத்தாறு வயது. நீர்மட்டம் பார்க்கும் கிணற்றின் அடியில் ஒரு பொத்தான் வைத்தார்கள். அதை அழுத்தினால் மெஷின் கையிலுள்ள வேலையை அப்படியே நிறுத்திவிட்டு டெலிபிரிண்டரில் ஒரு சொல் அடிக்கும். பொத்தானையும் மெஷினையும் இணைக்கும் டிரைவர் புரோகிராமை மூன்றே வாரத்தில் எழுதிவிட்டான் சர்தார். அடிக்கும் சொல்லையும் அவனே வைத்தான். இங்கிலீஷ் எழுத்தில், 'அண்ணே'.

"கீழ இருந்து நான் உங்களத்தானுங்களே கூப்புடோணும்?" என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பு! மாரப்பனுக்கு வயிறு பற்றி எரிந்தது. நேற்று முளைத்த காளான். பெரிய இன்ஜினியர் தோளில் கைபோட்டுப் பேசுவது இவனோடு. பன்னிரண்டு வருஷ சர்வீஸில் ஒரு நாள் மாரப்பன் தோளில் அந்தக் கை விழுந்ததுண்டா?

பொத்தானை அழுத்திக் காட்டும் நாளில், மாரப்பன் முகப்பில் ஒரே ஒரு சுவிட்சைக் கீழே தள்ளினான். மாஸ்க் என்பார்கள். அதற்குப் பிறகு கிணற்றுப் பொத்தானின் மூன்றாவது கம்பியில் யார் கூப்பிட்டாலும் மெஷின் காதில் வாங்காது. விளக்கு மட்டும் எரியும். கூப்பிட்ட குரல் வாசலிலேயே காத்துக் கிடக்கும்.

"நீங்களும் வாங்கண்ணே, ரெண்டு பேருக்கு எடமிருக்குது" என்றான் சர்தார், கிணற்றுக்குள் இறங்கும் இரும்புக் கூண்டில் ஏறியபடி.

"நீ போப்பா."

டெலிபிரிண்டர் அசையவில்லை. "பீத்துனதெல்லாம் புஸ்வாணமாப் போச்சா?" என்று பெரிய இன்ஜினியர் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். கூண்டை மேலே இழுக்கும் பச்சைப் பொத்தான் மாரப்பன் மேசையில் இருந்தது. கொஞ்ச நேரம் கிடந்து வேகட்டும் என்று டீ குடிக்கப் போனான். மலையில் பெய்த மழை அவனுக்குத் தெரியாது. திரும்பி வந்தபோது கிணறு விளிம்புவரை நிறைந்திருந்தது. அப்புறம்தான் அழுத்தினான். கூண்டு வந்தது, சர்தாரின் உடம்போடு.

குளிப்பாட்டியவர்கள் சொன்னார்கள், வலது கட்டைவிரலில் நகமே இல்லை என்று.

இன்று நாலு மணிக்கு விசாரணை அதிகாரி வருகிறார். மாஸ்க் சுவிட்ச் இறங்கிக் கிடப்பதைப் பார்த்தால் மாரப்பனின் கதை முடிந்தது. சுவிட்சை மேலே தள்ளிவிட்டால் போதும். பத்து நாளும் கை நீளத்தான் செய்தது. விளக்கைப் பார்த்ததும் மடங்கிவிட்டது.

தள்ளினான்.

டக். டக். டக்.

அண்ணே.

விளக்கு அணைந்தது. விட்டது சனி என்று மூச்சு விட்டான். காத்துக் கிடந்த அழைப்பு ஒன்றுதான். அது வந்துவிட்டது.

மறுபடி எரிந்தது.

அண்ணே. அண்ணே. அண்ணே.

சுவிட்சை இறக்கினான். நிற்கவில்லை. பதினாறு சுவிட்சையும் இறக்கினான். பிளக்கைப் பிடுங்கினான். காகிதம் சுருள் சுருளாக வந்து காலைச் சுற்றியது. ஈரமாக இருந்தது.

"செத்தும் நீதாண்டா பெரியாளு!" என்று கத்தினான். அப்போதும் பொறாமைதான் முந்தியது, பாருங்கள்.

டெலிபிரிண்டர் நின்றது.

மேசையில் பச்சைப் பொத்தான் தானாக உள்ளே அமுங்கியது. அப்படியே நின்றது. வெளியே மோட்டார் உறுமியது. பாரம் தூக்கும் முனகலோடு இரும்புக் கயிறு ஏறியது.

ஜன்னலுக்கு வெளியே கூண்டு வந்து நின்றது. தண்ணீர் சொட்டியது. உள்ளே யாருமில்லை. கதவு திறந்துகொண்டது.

கூண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. ஓர் ஆள் ஓரமாக ஒதுங்கி, இன்னொரு ஆளுக்கு இடம் விட்டு நிற்பதுபோல.

அவன் முதுகுக்குப் பின்னால் டெலிபிரிண்டர் ஒரு சொல் அடித்தது.

வாங்க.