வெயில் திருப்பும் வேலை

ஏழாவது கண்ணாடியின் வெளிச்சத்தில் மட்டும் ஓர் ஆள் நிழல் இருந்தது.

சந்திரமதி முதலில் அதைத் தன் நிழல் என்றுதான் நினைத்தாள். காஜா பெராங் வட்டாரத்து வீட்டின் கொல்லையில், காலை பத்து மணி வெயிலில், பழைய அலமாரிகளிலிருந்து கழற்றிய பதினெட்டுக் கண்ணாடிகளின் வெளிச்சத்தை ஒவ்வொன்றாகச் சுவரில் விழவைத்து, அங்கிருந்து கறுப்புப் பூசிய செம்புக் கொப்பரைமேல் நகர்த்துவது அவளுடைய வேலை. தண்ணீர் கொதித்து, ஆவி சின்ன எஞ்சின் ஒன்றைச் சுற்ற, அது லாரி டைனமோவைச் சுற்ற, ஜன்னல் வழியே போகும் மின்சாரத்தில் மகள் ருக்மணியின் காற்றாடி ஓடும். இளம்பிள்ளை வாதம் கால்களை முடக்கிய பிறகு, தகரக் கூரைக்கடியில் படுத்தபடியே வேர்த்து, அந்த ஏழு வயதுக்காரிக்கு முதுகெல்லாம் புண். காற்று இல்லாவிட்டால் புண் உள்ளே இறங்கிவிடும், பிள்ளை தங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சூரியன் நகர நகர, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கண்ணாடிகளைக் கையால் திருப்ப வேண்டும். இதையெல்லாம் கண்டுபிடித்த புருஷன் தம்பிராஜா காலையிலேயே தெங்கேராவில் உள்ள பட்டறைக்குப் போய்விடுவான். சூரியனோடு மல்லுக்கட்டுவது இவள்.

விலகி நின்று பார்த்தாள். நிழல் விலகவில்லை.

சாயங்காலம் சொன்னபோது தம்பிராஜா சோற்றிலிருந்து தலை நிமிரவில்லை.

"கண்ணாடிக்குப் பின்னால பாதரசம் உரிஞ்சிருக்கும் லா. பழைய சாமான்தானே."

"தோள் தெரியுதுங்க. தலை தெரியுது."

"நாளெல்லாம் வெயில்ல நின்னா எல்லாம் தெரியும். மெர்டேக்கா, சுதந்திர நாள் வரட்டும், லீவுல நான் திருப்புறேன்."

பகலெல்லாம் கண்ணாடி, இரவெல்லாம் பனைவிசிறி. மூன்று வாரமாகக் கெட்ட தூக்கம் கண்ணில் மணலாக உறுத்தியது. மறுநாள் அதே நிழலைப் பார்த்தபோது அவளுக்குப் பயப்படக்கூடத் தெம்பில்லை.

"சும்மாதானே நிக்கிற. கொஞ்சம் திருப்பேன்," என்றாள் அதனிடம்.

முதல் கண்ணாடி கிரீச்சென்று ஒரு விரற்கடை திரும்பியது. பிறகு இரண்டாவது. வரிசையாகப் பதினெட்டும் திரும்பின, அவள் திருப்புவதைவிடத் துல்லியமாக.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்க வேண்டும். ஆனால் உள்ளே காற்றாடி சீராக ஓடியது, மகள் முனகாமல் தூங்கினாள். சந்திரமதி துவைகல்லில் சாய்ந்து கண்ணை மூடினாள். வெட்கமாகத்தான் இருந்தது. தூக்கம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

புருஷனிடம் சொல்லவில்லை. சொன்னால் ஏழாவது கண்ணாடியைக் கழற்றிவிடுவான், மறுபடியும் அவளே நிற்க வேண்டும்.

நான்காம் நாள் மதியம் விழித்தபோது ஏதோ குறைந்திருந்தது. கொப்பரையின் இரைச்சல் இல்லை, டைனமோவின் முனகல் இல்லை, ஆறிக்கொண்டிருக்கும் எஞ்சின் எண்ணெயின் நாற்றம் மட்டும் கொல்லையில் தேங்கியிருந்தது. கொப்பரையைத் தொட்டாள். வெதுவெதுப்புத்தான்.

வானத்தில் மேகமே இல்லை.

கண்ணாடிகளைப் பார்த்தாள். பதினெட்டும் திரும்பியிருந்தன. கொப்பரைக்கு அல்ல. ஜன்னலுக்கு.

"ருக்கு."

உள்ளே மகள் சிரித்தாள். "அம்மா, இவங்க என்னைத் தூக்கி விடுறாங்க."

ஓடினாள். இடறினாள். கதவைத் தள்ளினாள்.

அறை முழுக்க வெள்ளை வெளிச்சம். கண் கூசியது. கையால் மறைத்துப் பார்த்தாள். கட்டிலில் ருக்மணி மல்லாந்து கிடந்தாள். கண் திறந்திருந்தது. இமைக்கவில்லை. நெஞ்சு அசையவில்லை.

எதிர்ச்சுவரில் அந்த நிழல். அதன் கையைப் பிடித்தபடி இன்னொன்று. சின்னது. இரண்டு காலில் நேராக நின்றது.

"ருக்கு," என்றாள் சுவரைப் பார்த்து.

சின்ன நிழல் திரும்பவில்லை. ஓர் அடி எடுத்து வைத்தது. பிறகு இன்னொன்று.