பாதிப் படுக்கை

தலையணையைத் திருப்பிப் போட்டபோது அதன் அடிப்பக்கம் ஈரமாக இருந்தது.

தண்ணீர் சிந்திய ஈரம் அல்ல அது. யாரோ வாயைத் திறந்தபடி நெடுநேரம் தூங்கிய இடம்போல நடுவில் கொழகொழவென்றும் ஓரங்களில் மஞ்சளாகவும் இருந்தது. டெல்ஃபினா விரல்களைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். துடைத்த பிறகும் அவை ஒன்றோடொன்று ஒட்டின.

"அக்கா, மேல பாரேன்! கூரை முழுக்க நட்சத்திரம்!"

நிவெஸ் அறையின் நடுவில் நின்று அண்ணாந்து சுற்றிக்கொண்டிருந்தாள். அவள் குரலில் சிரிப்பு இருந்தது. டெல்ஃபினா தலையணையைப் பழையபடியே வைத்தாள்.

ஜூலையில் நிவெஸின் கணவன் எஜிதியோ, தக்காளிச் செடிக்குக் கொம்பு நட்டுக்கொண்டிருந்தவன், அப்படியே சாய்ந்து உயிரை விட்டான். அன்றிலிருந்து தங்கை ஒரு முழு இரவு தூங்கியதில்லை. அடுப்பில் கையை வைத்துவிட்டு வலிக்கவில்லை என்பாள். போன வாரம் பேருந்துக்கு முன்னால் நடந்து போனாள். மாத்திரைகளை மாற்றிப் பார்த்த மருத்துவர், "இதுக்கு மேல இந்த உடம்பு தாங்காது" என்று டெல்ஃபினாவைத் தனியே அழைத்துச் சொல்லியிருந்தார். எஜிதியோ படுத்த கட்டில் இல்லாத ஓர் இடத்தில் தங்கை ஒரே ஓர் இரவு தூங்கினால் போதும் என்றுதான், சகல புனிதர் திருநாளுக்கு இந்தப் பழைய மாளிகையில் அறை பிடித்திருந்தாள்.

வட ஆப்பிரிக்க அரபு மாளிகைபோல் அலங்கரித்திருந்ததால் மூர் அறை என்று அதற்குப் பெயர். பட்டு ஆலை முதலாளி ஒருவர் கட்டிய மாளிகையை இப்போது பழுதுபார்த்து விருந்தினர் விடுதியாக்கியிருந்தார்கள். குதிரை லாடம்போல் வளைந்த வாசல். சிவப்பும் நீலமும் பொன்னும் பூசிய சுவர். கூரையோரத்தில் சுதையால் செய்த ஆயிரம் குழிகள், பெரிய குளவிக்கூட்டை வெட்டிக் கவிழ்த்ததுபோல. அந்தக் குழிகளுக்குள் ஏதாவது இருக்குமோ என்ற எண்ணம் வந்ததும் டெல்ஃபினா பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். திண்டுகளின் குஞ்சங்கள் பல நாள் குளிக்காத தலைமுடிபோல் எண்ணெய்ப் பிசுக்கோடு தொங்கின. பித்தளை விளக்கின் சிவப்புக் கண்ணாடி, அகலமான தாழ்ந்த படுக்கையின் மேல் ஈரல் நிறத்தில் வெளிச்சத்தை ஊற்றியது. சன்னலை மூடியிருந்த மரச் சல்லடை வழியாகக் காற்று வரவில்லை. யாரோ சாம்பிராணி போட்டிருந்தார்கள். அதற்குக் கீழே வேறொரு வாசனை. கொழுப்பு மிதக்கும் சூப்பை அடுப்பிலேயே மறந்துவிட்டு ஊருக்குப் போய்த் திரும்பியவர்கள் கதவைத் திறந்ததும் வருமே, அது.

சாப்பாட்டு மேசையில் விடுதிக்காரர் ஒத்தாவியோ குடல் சூப்பு பரிமாறினார். வெள்ளை வெள்ளையாக, மடிப்பு மடிப்பாக வழுவழுத்துக் கிடந்ததை டெல்ஃபினாவால் தொட முடியவில்லை.

"குடல் சூப்பு வேணாம்னு சொல்ற நம்ம பிரியான்சாப் பக்கத்துக்காரிய இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்றார் ஒத்தாவியோ. "பட்டணத்துல, மிலான்ல பொறந்தீங்களோ?"

"அவ அப்படித்தாங்க. எனக்குப் போடுங்க" என்று நிவெஸ் இரண்டாம் முறையும் தட்டை நீட்டினாள். "அந்தச் சுவத்துல அரபி எழுத்து இருக்கே, என்ன எழுதியிருக்கு?"

"ஒண்ணும் இல்லம்மா, சும்மாக் கிறுக்கல். வரைஞ்சவன் கோமோக்காரன். அவனுக்கு இத்தாலியனே ஒழுங்கா எழுத வராது."

நிவெஸ் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து டெல்ஃபினா மெதுவாகக் கேட்டாள்: "ரூம்ல ஒரு வாடை வருதே?"

"பின்னாடி ஆலை இருந்த இடம். பனி எறங்குற நாள்ல மண்ணு கொஞ்சம் மூச்சு விடும். சன்னலத் தொறக்காதீங்க, சரியாயிடும்."

அந்தச் சன்னலைத் திறக்கவே முடியாது என்பதை அவள் ஏற்கெனவே பார்த்திருந்தாள்.

விளக்கைத் தணித்துப் படுத்த பிறகு நிவெஸின் குரல் மாறியிருந்தது.

"அக்கா. அவரு இன்னிக்கு வீட்டுக்கு வந்தா?"

டெல்ஃபினாவுக்குப் புரிந்தது. விடிந்தால் இறந்தோர் நாள். அதற்கு முந்தின இரவு வீடு தேடி வருபவர்களுக்குத் தண்ணீர் வைப்பதும், விடியுமுன் எழுந்து உடம்புச் சூடு ஆறாத படுக்கையை இறந்தவர்கள் சற்று இளைப்பாற விட்டுவிட்டுக் கோயிலுக்குப் போவதும் அவர்கள் குடும்பத்தில் ஒரு வருடமும் தவறியதில்லை.

"வீட்ல படுக்கை சில்லுனு கெடக்கும்" என்றாள் நிவெஸ். "நான் இல்லையேன்னு வாசல்லயே நிப்பாரு. தெரியும்ல, கூச்ச சுபாவம்."

"பைத்தியக்காரி! அவன் உன்னைத் தேடி வருவானா, கட்டிலத் தேடி வருவானா? இரு, இங்கயே தண்ணி வைக்கறேன்."

அது உண்மையா என்று டெல்ஃபினாவுக்குத் தெரியாது. ஒரு நல்ல வார்த்தை ஒரு மனுஷியை ஓர் இரவு தாண்ட வைக்குமென்றால் ஆண்டவர் அதைப் பொய்யென்று எழுதிக்கொள்ள மாட்டார் என்று நம்பினாள். எழுந்து, பீங்கான் கிண்ணத்தில் தண்ணீர் பிடித்துவந்து படுக்கையருகே வைத்தாள். சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள். திரும்பிப் பார்த்தபோது நிவெஸ் தூங்கியிருந்தாள்.

உண்மையாகவே தூங்கியிருந்தாள். மூச்சு ஒரே சீராக வந்து போனது. டெல்ஃபினாவின் கண்கள் நிறைந்துவிட்டன.

அவளுக்குத்தான் தூக்கம் வரவில்லை. மெத்தைக்குள் அடைத்திருந்தது புரண்ட பக்கமெல்லாம் வழுக்கி நகர்ந்தது. விரிப்பின் அடியில் சின்னச் சின்னதாக ஏதோ முதுகில் உறுத்தியது. தையல் விட்ட ஓரத்தில் விரலை விட்டு ஒன்றை எடுத்தாள். பழுப்பாக, சுருக்கம் விழுந்து, கொட்டைபோல் லேசாக இருந்தது. நகம் பட்டதும் உடைந்து உள்ளிருந்து பசை கசிந்தது. பட்டுப்புழு. கூட்டுக்குள்ளேயே வெந்து செத்த புழு. அந்த வாடை விரலிலிருந்து நேரே தொண்டைக்குள் இறங்கியது. தான் படுத்திருக்கும் அகலம் முழுக்க இவைதான் என்று புரிந்தது. தங்கையின் மூச்சைக் கேட்டபடி, அசையாமல், உடம்பைக் கூட்டிப் பிடித்துக்கொண்டே படுத்திருந்தாள்.

விடியுமுன் எழுந்து உடுத்திக்கொண்டாள். இனி தங்கையை எழுப்ப வேண்டும். படுக்கையில் உயிரோடிருப்பவர்கள் யாரும் இருக்கக்கூடாது என்பதுதான் வழக்கம். தோள்வரை போன கை அங்கேயே நின்றது. நிவெஸின் முகத்தில் ஜூலைக்கு முந்தைய முகம் திரும்பியிருந்தது. இதையா எழுப்புவது? வழக்கத்தைவிட இரக்கம் பெரிதில்லையா? தான் படுத்திருந்த பாதியை மட்டும் தட்டிச் சீராக்கி, போர்வையின் மூலையைத் திறந்து மடித்துவைத்தாள். எஜிதியோவுக்குப் பாதி போதும். மனைவியின் பக்கத்தில் படுக்க அவனுக்கு என்ன கசக்கவா போகிறது?

கதவை ஓசைப்படாமல் சாத்திவிட்டுக் கீழே இறங்கினாள்.

சமையலறையில் ஒத்தாவியோ அடுப்பில் காப்பி வைத்துக்கொண்டிருந்தார்.

"கோயிலுக்கா? மணி இன்னும் அடிக்கலயே."

"படுக்கைய விட்டுட்டு வந்தேன். எங்க வீட்டு வழக்கம்."

"எங்க வீட்லயும்தான். எம் பொண்டாட்டி என்னை ஒதச்சே எழுப்பிடுவா, எங்கப்பாவுக்கு எடம் விடுன்னு." சிரித்தவர் சட்டென்று நிறுத்தினார். "மேலயா விட்டீங்க? அந்த ரூம்லயா?"

"என் தங்கச்சி வீட்டுக்காரருக்காக."

"அவரு உங்க வீட்டுக்குத்தானம்மா வருவாரு. இந்த வீட்ல விரிச்சா இந்த வீட்டு ஆளுங்கதான் வருவாங்க. எங்கம்மா அடுத்தவன் வீட்ல ஒரு கோப்பை தண்ணிகூட வைக்க மாட்டா."

"இந்த வீட்டு ஆளுங்க யாரு?"

அவர் காப்பிப் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் காலத்து ஆலைப் பொண்ணுங்க. சின்னதுங்க. பொழுதுக்கும் கொதிக்கிற தண்ணில கைய விட்டுப் பட்டுக்கூட்டத் துழாவி நூல் எடுக்கணும். கையெல்லாம் வெந்து உரிஞ்சு போகும். ஒரு குளிர்காலத்துல காய்ச்சல் வந்துச்சு. எல்லாத்தையும் மேல அந்த ரூம்ல வைக்கோல் போட்டு வரிசையாப் படுக்க வச்சாங்க. ஒட்டிக்கும்னு பயந்துகிட்டு அப்புறம் ஒருத்தரும் மேல போகலை. தண்ணி குடுக்கக்கூட. ஒண்ணுகூடப் பொழைக்கலை."

"கடவுளே."

"முதலாளி வசந்தத்துல ஆப்பிரிக்காவுல தூனிஸ் ஊர்லேந்து திரும்பி வந்தாரு. வாடை போகலை. அதான் அங்க பாத்த மாதிரி சுவத்துல சுதை, பொன்னு, சாம்பிராணி எல்லாம். மெத்தைக்கு ஆலைக் கழிவையே அடைச்சாரு. எதையும் வீணாக்காத மனுஷன்." அவர் திரும்பினார். "உங்க தங்கச்சி முன்னாடியே கோயிலுக்குப் போயிட்டாங்களா?"

"தூங்கறா."

காப்பி பொங்கி அடுப்பில் வழிந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

டெல்ஃபினா படியேறினாள். நாற்றம் பாதிப் படியிலேயே எதிரே வந்தது. சாம்பிராணி இல்லை இப்போது. வெந்த நாற்றம் மட்டும், சூடாக, ஆவிபோல. கைப்பிடிச் சட்டம் பிசுபிசுத்தது. மூக்கைப் பொத்தினாள். வாயால் மூச்சிழுத்தால் நாக்கில் ருசித்தது.

பாவம், குழந்தைகள் என்று நினைத்துக்கொள்ள முயன்றாள். நினைக்கவும் முடிந்தது. அருவருப்பு மட்டும் போகவில்லை.

கதவு சாத்தியபடியே இருந்தது. திறந்தாள்.

கிண்ணம் காலி. அடியில் கொழுப்பு ஏடு.

விளக்கின் சிவப்பு வெளிச்சம். படுக்கை. அவள் தட்டி வைத்த பாதி இப்போது உயர்ந்திருந்தது. போர்வைக்கு அடியில் ஒன்றல்ல, நிறைய. நெருக்கியடித்துக்கொண்டு. ஏறி இறங்கின. ஒரே சீராக, நிவெஸின் மூச்சோடு.

"நிவெஸ்."

கிட்டே போனாள். ஒரு அடி. இன்னொன்று. தரைவிரிப்பு காலடியில் ஈரமாகச் சப்பியது.

தங்கையைத் தொட வேண்டுமென்றால் அவற்றின் மேலாகக் கையை நீட்ட வேண்டும். ஆண்டவரே, இந்த அருவருப்பை மன்னியும் என்றாள். நீட்டினாள். முழங்கை போர்வையில் பட்டது. அடியிலிருந்தது அமுங்கியது, அமுங்கிக்கொண்டே போனது, எலும்பே இல்லாததுபோல.

நிவெஸ் கண்ணைத் திறக்கவில்லை. அவள் முகத்தில் அந்த நிம்மதி அப்படியே இருந்தது.

"உஷ். சத்தம் போடாத அக்கா. இப்பத்தான் கண்ணசந்துச்சுங்க."

"எழுந்திரு கண்ணு. கோயிலுக்குப் போகலாம். எழுந்திருடி!"

"நல்லாத் தூக்கம் வருதுக்கா."

கையைப் பிடித்து இழுத்தாள். பிடித்தது நிவெஸின் கைதான். மணமோதிரம் இருந்தது. வெளுத்து ஊதிய சதைக்குள் அது புதைந்து கிடந்தது. இழுத்த இடத்தில் தோல் கையுறைபோல் நழுவி டெல்ஃபினாவின் உள்ளங்கையில் வந்து தங்கியது. நிவெஸ் வலியில்லாமல் புன்னகைத்தாள்.

"தள்ளிப் படுங்கடி, கண்ணுகளா" என்றாள் பக்கத்தில் திரும்பி, தாய்போல. "எங்கக்கா ராத்திரி பூரா தூங்கவேயில்ல. அவளுக்கும் கொஞ்சம் எடம் குடுங்க."

படுக்கை அசைந்தது. எல்லாம் ஒன்றாக நகர்ந்தன. ஓரத்தில் ஒரு ஆள் படுக்கும் அளவுக்கு இடம் உண்டானது. பிறகு போர்வையின் விளிம்பு உள்ளேயிருந்து மெல்ல உயர்ந்தது. வெந்து சுருங்கிய சின்னச் சின்ன விரல்கள் அதை மரியாதையாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவளுக்காகக் காத்திருந்தன.