சுவர்ப் பொத்தானைப் பிடித்தவர்

மழையில் ஊறிப் பருத்திருந்த கதவைத் தோளால் இடித்துத் திறந்துகொண்டு ரேடியோக்காரர் பட்டறைக்குள் நுழைந்தபோது மதியம்தான். ஆனால் வானம் கறுத்துக் கிடந்ததில் விளக்கைப் போடாமல் உள்ளே ஒன்றும் தெரியவில்லை. மரத்தூளும் பழைய எண்ணெயும் கலந்த வாசம் எப்போதும்போல் முகத்தில் வந்து மோதியது.

அது ஒரு பொதுப் பட்டறை. எதையாவது தன் கையால் செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்கள் ஒன்று சேர்ந்து ஒரு பழைய கிடங்கில் ஆரம்பித்தது. ரம்பம், உலோகத்தைச் சுழற்றிக் கடைகிற லேத், பிளாஸ்டிக்கை உருக்கி அடுக்கிப் பொருள் செய்கிற பிரிண்டர் எல்லாம் எல்லாருக்கும் பொது. வங்கி அதிகாரி ஒருவர் அங்கே வந்து நாற்காலி செய்வார். உட்கார்ந்தால் ஆடும், யாரும் சொல்ல மாட்டார்கள். ரேடியோக்காரருக்கு ரேடியோ பைத்தியம், அதனால் அந்தப் பெயர். இன்று வெள்ளத்துக்குப் பயந்து ஈ காக்கை இல்லை.

அவர் பொழுதுபோக்க வரவில்லை. வீட்டில் மனைவியின் தொண்டைக்குக் குழாய் வழியாகக் காற்று அனுப்பும் இயந்திரம் நின்றுவிட்டது. உள்ளே விரல் நீளப் பித்தளைத் தண்டு ஒன்று முறிந்திருந்தது. பாலம் மூழ்கிவிட்டதால் ஆம்புலன்ஸ்காரர்கள் தண்ணீர் வடியட்டும் என்று சொல்லிவிட்டார்கள். மச்சினி கட்டிலருகே உட்கார்ந்து காற்றுப் பையைக் கையால் அமுக்கிக்கொண்டிருந்தாள். அவள் கை ஓய்ந்தால் அக்காவின் மூச்சும் ஓயும்.

கிளம்பும்போது அந்தப் பை இவர் கையில்தான் இருந்தது.

"விடலாமா?" என்று கேட்டார்.

"விடுங்க மாமா, நான் பிடிச்சுக்கிட்டேன்" என்றாள் மச்சினி.

இது பட்டறைப் பழக்கம். பிடித்திருக்கிறவர் கேட்க வேண்டும், வாங்குகிறவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அப்புறம்தான் கையை எடுக்கலாம். அவர் வீட்டில் கொதிக்கிற பாத்திரம்கூட அப்படித்தான் கைமாறும். "கல்யாணத்தன்னைக்கு எங்கப்பா இதைக் கேக்காமலே என்னை விட்டுட்டாரே!" என்று மனைவி கிண்டல் செய்வாள். அவளால் பேச முடிந்த காலத்தில்.

இந்தப் பழக்கம் வந்ததற்குக் காரணம், முன்பு பட்டறைக்கு வந்துகொண்டிருந்த கடிகாரக்காரர். கிராம்பை மென்றபடி ராட்டினம் மாதிரி சுறுசுறுப்பாகத் திரிந்த மனிதர். தனியாக லேத்தில் வேலை செய்தபோது சட்டைக் கை சிக்கிக்கொண்டது. எவ்வளவு நேரம் ஆளைக் கூப்பிட்டாரோ, கேட்க ஒருவரும் இல்லாமல் அங்கேயே செத்துப்போனார். அதற்குப் பிறகுதான் எதிர்ச் சுவரில் இன்னொரு பொத்தான் வைத்தார்கள். ஒருவர் அங்கே நின்று விரல் வைத்திருந்தால்தான் பச்சை விளக்கு எரியும், லேத் ஓடும். விரல் எடுத்தால் நின்றுவிடும், அதனால்தான் எடுக்கும் முன் கேட்பது வழக்கமாயிற்று. உயிருள்ள தோல் பட்டால் மட்டுமே வேலை செய்யும்படி அதை வடிவமைத்து, யாரும் பிரித்து ஏமாற்ற முடியாதபடி பசை ஊற்றி மூடியவர் ரேடியோக்காரரேதான். ரொம்பப் பெருமைப்பட்டார் அப்போது.

பொத்தானைப் பிடிக்க வரச் சொல்லி, பட்டறைக்கு வழக்கமாக வரும் எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டார்.

"தெருவுல இடுப்பளவு தண்ணி. சாயங்காலம் ஆயிடும்யா."

வைத்த உடனே மச்சினியின் அழைப்பு. "மாமா... கை மரத்துப்போச்சு. முடியல மாமா."

பித்தளைத் துண்டை லேத்தில் மாட்டினார். சுவர்ப் பொத்தானுக்கு ஓடினார், திரும்ப ஓடி வந்தார். பொத்தான்மேல் ஈரத்துணியை ஒட்டிப் பார்த்தார். கத்தினார். கடைசியில் லேத்தைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார்.

"யாராவது வந்து பிடிங்களேன். கால்ல விழறேன்."

சுவரில் பச்சை விளக்கு எரிந்தது.

அங்கே யாரும் இல்லை.

லேத் மெல்ல உறுமிச் சுழன்றது. மரத்தூள் வாசத்துக்கு நடுவே கிராம்பு மணத்தது.

ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. பேயோ பிசாசோ, பிடித்துக்கொண்டால் போதும் என்றுதான் அவருக்கு இருந்தது. குளிர் பிடரியில் ஏற ஏற, திரும்பிப் பார்க்காமல் கடைந்தார். பித்தளைச் சுருள்கள் காலடியில் உதிர்ந்தன. தண்டு அளவுக்கு வந்தது.

காதருகே ஒரு குரல். களைத்துப்போன குரல்.

"விடலாமா?"

மூளை யோசிப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது.

"விடுங்க, நான் பிடிச்சுக்கிட்டேன்."

நீண்ட பெருமூச்சு ஒன்று கேட்டது. கிராம்பு வாசம் போய்விட்டது. லேத்தை அணைத்துவிட்டு, தண்டைப் பையில் போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கி ஓடினார். பச்சை விளக்கு அணையாததை அவர் கவனிக்கவில்லை.

தண்டு கச்சிதமாகப் பொருந்தியது. இயந்திரம் மூச்சு விட்டது, மனைவியின் மார்பு ஏறி இறங்கியது. மச்சினி வீங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு விம்மினாள். ரேடியோக்காரருக்கு உலகமே திரும்பி வந்த மாதிரி இருந்தது.

அப்போதுதான் தன் வலது கட்டைவிரலைப் பார்த்தார்.

கட்டில் கம்பியில் அழுந்தியிருந்தது. நுனி ரத்தமில்லாமல் வெளுத்திருந்தது.

விரலை எடுத்தார். இயந்திரம் நின்றது.

பதறி அழுத்தினார். ஓடியது.

மறுபடி எடுத்துப் பார்க்கத் தைரியம் வர வெகுநேரம் ஆயிற்று. எடுத்ததும் நின்றது.

சாயங்காலம் எலக்ட்ரீஷியன் போன் செய்தார். "பட்டறைக்கு வந்துட்டேன்யா. சுவர்ல பச்சை விளக்கு எரியுது, ஆளே இல்ல. மெயினை அணைச்சிடவா?"

"தொடாதே!" என்று இவர் அலறியதில் மச்சினி நடுங்கிவிட்டாள்.

அவள் அருகில் வந்தாள். "ரெண்டு நாளா நீங்க தூங்கல மாமா. எந்திரிங்க, நான் பாத்துக்கறேன்."

அந்த ஒரு வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. பல்லால் கடித்து விழுங்கினார். வாழ வேண்டிய பெண். அவளிடம் கேட்கக் கூடாது, யாரிடமும் கேட்கக் கூடாது. கடிகாரக்காரர் எத்தனை காலம் அங்கே நின்றாரோ என்று நினைத்தபடி விரலை இன்னும் அழுத்தினார்.

"நீ போய்ப் படும்மா" என்றார்.

இருட்டத் தொடங்கியது. இயந்திரத்தின் ஓசை தாலாட்டு மாதிரி இருந்தது. கண் எரிந்தது.

எங்கோ யாரோ கேட்டார்கள்.

"விடலாமா?"

தன் குரல்தான் அது என்று தெரிந்து திடுக்கிட்டு விழித்தார். விரல் கம்பியில் இல்லை, மடியில் கிடந்தது.

இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

மச்சினி அடுத்த அறையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். அப்படியானால் பதில் சொன்னது யார்?

மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தொண்டைக் குழாயால் குரல் வராது. உதடுகள் அசைந்து முடிந்திருந்தன. அவளுடைய கட்டைவிரல் கட்டில் கம்பியில் அழுந்தி, நுனி வெளுத்திருந்தது.

"குடு" என்று அந்தக் கையைப் பற்றினார். "எங்கிட்டயே குடும்மா. கேளு, விடலாமான்னு ஒரு தடவை கேளு. உதட்டை மட்டும் அசை, போதும்!"

அவள் கேட்கவில்லை. மாட்டேன் என்று மெல்லத் தலையை அசைத்தாள்.

அவளுடைய இமைகள் சொருகத் தொடங்கியிருந்தன.