பகல் தூக்கக்காரர்

அறைக்குள் குறட்டை கேட்டது. அதில் அதிசயம் ஒன்றுமில்லை. இருபத்தெட்டு வருடமாக ஷிப்ட் மாறி மாறி வேலை பார்க்கிற ராஜேந்திரன் வீட்டில் மத்தியானம் குறட்டை கேட்காவிட்டால்தான் பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர்கள் வந்து விசாரிப்பார்கள். ஆனால் ராஜேந்திரன் அப்போது கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து மோர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மகள் இளவேனில் பிசைந்த கையோடு நிமிர்ந்து பார்த்தாள். அம்மா அமிர்தம் அடுப்படியிலிருந்து ஊறுகாய்ப் பாட்டிலோடு வந்து, அதைச் சத்தம் வராமல் தரையில் வைத்து, புருஷன் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

"மெதுவா பேசுங்க. தூங்கறாங்க இல்ல?"

"சரி, சரி" என்றார் ராஜேந்திரன், குரலைத் தாழ்த்தி.

மூவரும் சாப்பிட்டார்கள். குறட்டையும் தன்பாட்டுக்கு நடந்தது. மூன்று முறை சின்னதாக இழுக்கும். பிறகு நீளமாக ஓர் இடைவெளி. அந்த இடைவெளியில் கேட்பவருக்குத்தான் மூச்சு முட்டும்.

"அம்மா, உள்ள யாரு?"

"அப்பாதான்" என்ற அமிர்தம், ஊறுகாயை அப்பாவின் தட்டில் வைத்த கையை அப்படியே நிறுத்தினாள். "நீங்க... எப்ப எழுந்து வந்தீங்க?"

"நான் எங்க படுத்தேன்? வேனிலு தூங்குதுனுல்ல நான் பாய எடுத்துக்கினு கூடத்துக்கு வந்தேன். நாலு நாளா இங்கதான் பொரண்டுகினு கெடக்கேன்."

"நான் படுக்கவே இல்லப்பா. நீங்க இருக்கீங்கன்னு நான் அடுப்படியில உக்காந்திருந்தேன்."

மூன்று பேர் இருக்கிற வீட்டில் நாலாவது ஆளைக் கண்டுபிடிக்க நாலு நாள் ஆகியிருக்கிறது என்றால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். ஷிப்ட் வீட்டின் நடப்பு அவர்களுக்குத் தெரியாது. அங்கே எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான். பகலில் அறைக்கதவு சாத்தியிருந்தால் உள்ளே ஆள் தூங்குகிறது, அவ்வளவுதான் கணக்கு. கதவைத் தட்டக் கூடாது, விளக்கைப் போடக் கூடாது, போர்வையை விலக்கிப் பார்க்கவே கூடாது. குக்கர் விசில் அடிக்குமுன் ஓடிப்போய்த் தூக்குகிற வீடு அது.

"நான்தான் போர்வய போத்திவுட்டேன்" என்றாள் அமிர்தம், மெதுவாக. "செவுத்த பாத்துச் சுருண்டு கெடந்தீங்க. தோளு சில்லுனு இருந்துது. குளிச்சிட்டு அப்படியே படுத்துட்டீங்கனு நெனச்சேன்."

யாரும் எழுந்திருக்கவில்லை. பயத்தினாலா என்றால், பயப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டும். நாலு நாளாக அந்த வீட்டில் ஒருவருக்கும் பொட்டுத் தூக்கம் இல்லை. அதனால்தான் அன்று மூவரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டதே.

"பக்கத்து வூட்டுச் சத்தமா இருக்கும்" என்றார் ராஜேந்திரன். "பொதுச் செவுருதானே."

"புவனா வூடு பூட்டிக் கெடக்குது. திருவதிகைக்குக் கல்யாணத்துக்குப் போய் ஒரு வாரம் ஆவுது."

"அப்ப ஃபேனா இருக்கும்."

ஃபேன் மூன்று தடவை மூச்சு இழுத்துவிட்டு நிறுத்துமா என்று கேட்க அமிர்தம் வாயெடுத்தாள். வாய் கொட்டாவியில் முடிந்தது.

இளவேனிலுக்கு மட்டும் அந்த இடைவெளி பழக்கமானதாகத் தெரிந்தது. எங்கே கேட்டோம் என்று, பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு யோசித்தாள்.

ஜெர்மனியில்.

பத்து நாள் படிப்புப் பயணம்; முடிந்து வந்து நாலு நாள் ஆகிறது. சுரங்கப் பொறியியல் மூன்றாம் வருடத்தில் பதினோரு பேர்; மேய்ப்பதற்குச் செந்தில்நாதன் சார். நெய்வேலிப் பிள்ளைகளை அத்தனை கடல் தாண்டிக் கூட்டிப்போய்க் காட்டியது பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தை. ராட்சத இயந்திரம் மண்ணைக் கரண்டி கரண்டியாக வழித்ததைப் பார்த்துவிட்டு, "இதே மிஷின பாக்க எங்க வட்டத்து டவுன் பஸ்ஸே போதுமே சார்" என்றான் ஒருவன்.

ஊர் திரும்புவதற்கு முந்தின நாள், சுரங்கம் விழுங்கப்போகிற ஒரு கிராமத்துக்குப் போனார்கள். ஊரே காலி. ஆட்களுக்குப் புது ஊர் கட்டிக் கொடுத்தாயிற்று, கல்லறைத் தோட்டத்தில் இருந்தவர்களையும் தோண்டி எடுத்து அங்கே மாற்றியாயிற்று என்றாள் வழிகாட்டிப் பெண்.

"எல்லாரையுமா?" என்று கேட்டார் சார்.

"பெயர் தெரிந்தவர்களை" என்றாள் அவள்.

கடைசி வீட்டின் கடைசி அறையில், ஈரக் கம்பளியும் கரி மண்ணும் கலந்த வாடை அடித்தது. திரை பாதி விலகிய ஜன்னல். கட்டில். பழுப்புக் கம்பளிக்குள் சுவரைப் பார்த்துப் படுத்த ஒரு முதுகு. மூன்று சின்ன இழுப்பு, ஒரு நீண்ட இடைவெளி. வேறு ஊர்ப் பெண்ணாக இருந்தால் வீரிட்டிருப்பாள், இல்லை ஃபோனை எடுத்துப் படம் பிடித்திருப்பாள். இளவேனில் குவார்ட்டர்ஸில் பிறந்தவள். ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, நுனிக்காலில் போய், வெளிச்சம் முகத்தில் விழாமல் திரையை இழுத்துவிட்டாள். வெளியே இயந்திரம் ஓயாமல் அரைத்துக்கொண்டிருந்தது. பாவமாக இருந்தது.

"இந்தச் சத்தத்துல எப்படித் தூங்குவீங்க? எங்க வீட்டுக்கு வாங்க. பகல்ல யாரும் எழுப்ப மாட்டோம்" என்று கிசுகிசுத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

பேச்சுக்குச் சொன்னதுதான். வடலூர் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம்கூட இறங்கும்போது சொல்கிறோம். யார் வருகிறார்கள்?

கையைக் கழுவிக்கொண்டு பின்வாசல் முருங்கை மரத்தடியில் நின்று, உடன் வந்த தோழி சண்முகப்ரியாவுக்குப் போன் போட்டாள்.

"ப்ரியா, அந்தக் காலி ஊர்ல, கடைசி வீட்டுல ஒரு தாத்தா தூங்கிட்டு இருந்தாருல்ல?"

"எந்தத் தாத்தாடி? அந்த ரூமுல ஒரு முக்காலிகூட இல்ல. நீதான் ஷூவ கையில தூக்கிக்கினு நடு ரூமுல நின்னு செவுத்துக்கிட்ட பேசிக்கினு இருந்த. ஜன்னல்ல இல்லாத ஸ்க்ரீன வேற இழுத்த. குளிருல மூள கலங்கிடுச்சி போலனு சார்கிட்ட சொல்லலாமான்னு பாத்தேன்."

"நீ... நல்லா தூங்குறியா?"

"நானா? வந்த அன்னிக்கி வுட்ட கொறட்டைய இன்னும் நிறுத்தல. எங்கம்மா மூஞ்சில தண்ணி தெளிச்சி எழுப்புது. ஏண்டி?"

இளவேனில் போனை வைத்தாள். மே மாத வெயிலில், ஏழு வீடு தள்ளி யாரோ பலாப்பழம் அறுக்கிற வாசம் காற்றில் கனத்துத் தொங்கியது. தூரத்தில் அனல் மின் நிலையத்தின் ஓயாத முனகல், அதற்கு மேலே எங்கோ ஒரு குயில். அவள் முதுகுக்குப் பின்னால், கறுப்புத் துணி அடித்த அறை ஜன்னலின் இடுக்கு வழியாக, குளிர் வந்துகொண்டிருந்தது. ஏசி இல்லாத வீடு.

உள்ளே வந்தபோது அப்பா பாயில் மல்லாந்து கிடந்தார். கண் திறந்திருந்தது. வெள்ளை விழி முழுக்கச் சிவப்பு.

"தூக்கம் வரலையாப்பா?"

"வருது பாப்பா. கிட்ட வந்துட்டுத் திரும்பிப் போவுது. நம்ம எடத்துல வேற யாரோ படுத்துக்கினு இருக்கிற மாதிரி."

அன்று காலை, நைட் ஷிப்ட் முடிந்து வரும்போது அவர் வண்டியோடு ரோட்டை விட்டிறங்கி முந்திரிக் கன்றுகளுக்குள் போய்விட்டார். பின்னால் வந்த, கூட வேலை பார்க்கிற ராஜாங்கம் கத்திக் கூப்பிட்டிருக்காவிட்டால் புளியமரத்தில் முடிந்திருக்கும். இன்றைக்கும் நைட் ஷிப்ட். ஒன்பது மணிக்குக் கிளம்பியாக வேண்டும். விடிய விடிய நிலக்கரி சுமந்து ஓடுகிற பெல்ட்டின் ஓரமாகவே நடக்க வேண்டும். ரிட்டயர்மெண்டுக்கு நாலு மாதம். போட லீவு இல்லை. இருந்ததையெல்லாம் மகளின் பாஸ்போர்ட்டுக்கும் விசாவுக்கும் அலைந்தே தீர்த்திருந்தார்.

அப்பா தூங்கியாக வேண்டும். ஒன்பது மணிக்குள். அதற்கு உள்ளே இருப்பவரை எழுப்பியாக வேண்டும். கூட்டி வந்தவள் இளவேனில்தான்.

மணி நாலு. அவள் அறைக்கதவின் மேல் கையை வைத்தாள்.

"ஏய்" என்றாள் அமிர்தம் அடுப்படியிலிருந்து. "எழுப்பாத."

"யாரும்மா அது?"

அமிர்தம் யோசித்தாள். முகத்தில் யோசனை பாதி வழியிலேயே களைத்து நின்றது. "யாரா இருந்தா என்ன? தூங்கறாங்க இல்ல?"

இளவேனில் கதவைத் தள்ளினாள்.

இருட்டு. குளிர். ஈரக் கம்பளியின் வாடை, அதன் அடியில் இத்தனை வருடம் காற்றில் முகர்ந்து பழகிய நிலக்கரி வாடை, அதற்கும் அடியில் வேறொன்று, தோண்டியெடுத்த மண்ணில் வேரறுந்தால் வருவது. மேலே ஃபேன் அசையாமல் நின்றது. அப்பாவும் அம்மாவும் கல்யாணத்தின்போது வாங்கிய கட்டில். ஒன்றரை ஆள் படுக்கலாம். அம்மாவின் பூப்போட்ட போர்வை தலைவரை மூடியிருந்தது. சுவரைப் பார்த்த முதுகு.

இழுப்பு. இழுப்பு. இழுப்பு.

இடைவெளி.

"தாத்தா" என்றாள். கிசுகிசுப்புக்கு மேல் குரல் எழவில்லை. பிறந்ததிலிருந்து அந்த அறையில் பகலில் அவள் சத்தம் போட்டதில்லை. "தாத்தா. எழுந்திருங்க. இது எங்க வீடு இல்ல. கம்பெனி குவார்ட்டர்ஸ். நாலு மாசத்துல நாங்களே காலி பண்ணணும். தெரியாம சொல்லிட்டேன். போயிடுங்க."

குறட்டை நின்றது.

அவள் எண்ணினாள். பத்து. இருபது. நாற்பது. மூச்சு திரும்ப வரவில்லை.

போர்வை அசைந்தது. அது எழுந்திருக்கவில்லை. திரும்பவும் இல்லை. பெருத்த உடம்புக்காரர் பஸ்ஸில் நகர்வதுபோல, கொஞ்சம் கொஞ்சமாகச் சுவர்ப்பக்கம் ஒதுங்கியது. இந்தப் பக்கம் ஓர் ஆள் படுக்கிற அளவு இடம் விழுந்தது.

"அட" என்றது ஒரு குரல், அவள் காதருகில். அப்பா. எப்போது வந்து நின்றார் என்று தெரியவில்லை. "எடம் இருக்குதே."

"அப்பா, வேணாம்."

"பத்து நிமிஷம் பாப்பா."

"அப்பா, அங்க ஆள் இருக்கு. பாருங்க. ஆள்!"

"இருந்துட்டுப் போவட்டும். நான் ஒரு ஓரமா படுத்துக்கறேன்."

அவர் கையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். பெல்ட் ரோலர் தூக்கிய கை. சின்னப் பிள்ளையின் கையைப்போல நழுவிப் போனது. தலை தலையணையைத் தொடுமுன் தூங்கிவிட்டார். அப்பாவின் குறட்டை. அவளுக்குத் தெரிந்த, லாரி மேடேறுகிற குறட்டை. அதைக் கேட்டதும், நாலு நாளில் முதல்முறையாக, அழுகையும் நிம்மதியும் சேர்ந்து வந்தன அவளுக்கு.

பிறகு அது மாறியது. மேடேறிய லாரி நின்றது. மூன்று சின்ன இழுப்பு. இடைவெளி.

தோளைப் பிடித்து உலுக்கினாள். சில்லென்று இருந்தது.

"அப்பா! அப்பா!"

கத்தினாள். பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது. வெளியே குயிலின் சத்தமும் நின்றிருந்தது.

"ஏன்டி கத்தற?" அமிர்தம் முந்தானையில் கையைத் துடைத்தபடி வாசற்படியில் நின்றாள். கட்டிலைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. "அப்பாடா. தூங்கிட்டாரா? முருகா, எத்தினி நாளாச்சி."

"அம்மா, எழுப்பு. அப்பா உடம்பத் தொட்டுப் பாரு."

அம்மா தொட்டுப் பார்க்கவில்லை. கட்டிலைப் பார்த்துக்கொண்டே நின்றாள். போர்வை அசைந்தது. அப்பாவின் முதுகும் அதற்குப் பின்னால் இருந்ததும் ஒரே உடம்புபோலச் சுவர்ப்பக்கம் நகர்ந்தன. இனி நகர இடமே இல்லாத சுவர்.

"ஒரு நிமிஷம் சாயறேன் வேனிலு. காலு கடுக்குது. நீ போய் பால் பொங்குதா பாரு."

"அம்மா..."

"மெதுவா பேசு."

அம்மாவுக்குக் குறட்டை வராது. ஒருநாளும் வந்ததில்லை. வந்தது.

இளவேனில் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடுப்படியில் பால் பொங்கி, வழிந்து, கருகியது. ஓட வேண்டும். தெருவில் யாரையாவது. ராஜாங்கம் மாமாவை. ஓடலாம். கால் நகரவில்லை. கால் கனத்தது. பிடரியில் இதமாக ஏதோ ஊர்ந்தது. நாலு நாளாகக் கிட்ட வந்து திரும்பிப் போன அது, இப்போது திரும்பிப் போகவில்லை.

கொட்டாவி வந்தது.

ஒன்றரை ஆள் கட்டில். மூன்று முதுகுகள். ஒரே மூச்சு. இந்தப் பக்கம், அவள் அகலத்துக்குச் சரியாக, சுருக்கமில்லாத வெள்ளை விரிப்பு.

போர்வையின் ஓரம் மெல்ல உயர்ந்தது. உள்ளேயிருந்து யாரோ தூக்கிப் பிடித்திருந்தார்கள். அப்பாவின் இரண்டு கைகளும் அவர் தலைக்குக் கீழே இருந்தன. அம்மாவின் இரண்டு கைகளும் கன்னத்துக்கு அடியில் இருந்தன. போர்வை உயர்ந்தபடியே நின்றது, இறங்காமல், அவசரமே இல்லாமல்.