ஆல்டோவின் வண்டிக்கு ஒரு ஜோடி பிரேக் பேட்

"பழைய பேடைக் கழட்டிக் கொண்டு வாங்க. அப்புறம் பேசலாம்."

தலையை நிமிர்த்தாமலே சொன்னான் ராய்ஸ். பழைய பைக்குகளைப் பிரித்து உதிரிபாகம் விற்பவனுக்கு வாயில் தேனா ஒழுகும்?

"வண்டிப் பேரு சொல்லிட்டேன், வருஷம் சொல்லிட்டேன். எண்பத்து மூணு மாடல் பைக். இன்னும் என்ன, பொறந்தநாளும் சொல்லணுமா?"

அட, குரலே சுடுகிறதே... அப்போதுதான் நிமிர்ந்தான். தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. வாசலில் ஒரு பெண் தொப்பலாக நனைந்து நின்றாள். மழைக்குப் பேர்போன டல்லி ஊரில் நனைந்தவர்களைத் தினமும்தான் பார்க்கிறான். ஆனால் அந்தக் கண்கள்... கோபமும் தூக்கமின்மையும் கலந்த கரும்பழுப்புக் கண்கள்... பார்த்தவன் சட்டென்று பார்வையைத் தாழ்த்திக்கொண்டான்.

"நாப்பது வருஷ வண்டி, மேடம். நடுவுல யார் எதை மாத்தினாங்களோ? புத்தகத்தைப் பார்த்துக் குடுத்தா நாளைக்கு வந்து என்னைத்தான் திட்டுவீங்க."

"நாளைக்கு எனக்கு நேரமில்ல. வெள்ளிக்கிழமை அப்பாவை அடக்கம் பண்றோம். சவ வண்டிக்கு முன்னால அவரோட வண்டி போகணும், அதை நான் ஓட்டணும். அவர் கேட்டது அது ஒண்ணுதான்."

அப்போதுதான் அவனுக்கு ஆள் புரிந்தது. கரும்புத் தோட்டத்து ஆல்டோவின் மகள் நெரினா. அப்பாவைப் பார்த்துக்கொள்ள மெல்போர்னிலிருந்து வந்தவள். ராய்ஸ் இரங்கல் சொல்ல வாயெடுத்தான். அவளோ கொட்டகையின் மூலையைக் காட்டினாள்.

"தார்ப்பாய்க்குக் கீழ அதே கம்பெனி வண்டி தெரியுதே. அதுல இருந்து..."

"அது விக்கிறதுக்கு இல்ல."

கதவை அறைந்து சாத்தியது போல வந்தது பதில். அவள் ஒரு கணம் அவனையே பார்த்தாள். பிறகு மழைக்குள் இறங்கிப் போய்விட்டாள்.

மத்தியானமே திரும்பி வந்தாள். பேடைத் தானே கழற்றியிருக்கிறாள், விரலெல்லாம் காயம். ராய்ஸ் வாங்கி, மூக்கருகே கொண்டுபோனான்.

"ஆட்டு வாசனை அடிக்குது. துருவுக்குக் கம்பளிக் கொழுப்பு ஸ்ப்ரே அடிச்சீங்களா?"

டல்லியில் அதை அடிக்காத வீடு உண்டா? புல்வெட்டும் இயந்திரம், கேட்டின் கீல், டிராக்டர் என்று இரும்பாய் இருப்பதெல்லாம் ஒரே வாரத்தில் துருவேறும் ஊர் அது.

"ஞாயித்துக்கிழமை தவறாம அடிச்சேன்."

"பிரேக் டிஸ்க் மேலயுமா?"

"எல்லாத்து மேலயும்..."

"பிரேக்குக்கே எண்ணெய் தடவினா வண்டி எங்கங்க நிக்கும்?"

சிரிப்பை அடக்க முடியாமல்தான் கேட்டான். ஆனால் அடுத்த நொடி அந்தக் கண்கள் நிறைந்துவிட்டன.

"கட்டில்ல படுத்தபடி ஜன்னல் வழியா வண்டியைப் பார்த்துக்கிட்டே இருப்பார். துருப் பிடிக்காமப் பாத்துக்கோம்மான்னார். அதைத்தான்... அதை மட்டும்தான் நான் ஒழுங்கா செஞ்சேன்னு நெனச்சேன்..."

தன் நாக்கை அறுத்துப் போடலாம் போலிருந்தது ராய்ஸுக்கு.

"அழாதீங்க. டிஸ்கைத் துடைச்சிடலாம். பேட்தான் ஊறிப்போச்சு, இனி ஆகாது. இன்னொண்ணு, இது எண்பத்து மூணே இல்ல. உங்கப்பா முன்பக்கத்தை மொத்தமா மாத்தியிருக்கார். இது எண்பத்தாறு மாடலோட பேட். டவுன்ஸ்வில்ல இருந்து வரணும். ஹைவே ரெண்டு பக்கமும் வெள்ளம். வெள்ளிக்கிழமைக்குள்ள வராது."

"சரி. பின் பிரேக்கை நம்பி ஓட்டிக்கிறேன்."

"ஓட்ட மாட்டீங்க! ஒரு சாவு வீட்டுல இன்னொரு சாவு வேணாம்."

"உங்ககிட்ட அனுமதி கேக்கல."

போய்விட்டாள். கொட்டகையில் மழைச் சத்தம் மட்டும் மிஞ்சியது. ராய்ஸ் மூலையைப் பார்த்தான். தார்ப்பாய்க்குக் கீழே நிற்பது எண்பத்தாறு மாடல் என்பதை அவளிடம் சொல்லவில்லை. சொல்ல முடியவில்லை...

வியாழன் காலை, ஆல்டோவின் வீட்டு வாசலில் கரி படிந்த கைகளோடு நின்றான்.

"எண்பத்தாறு பேட். அந்தத் தார்ப்பாய் வண்டியோடது."

"விக்கிறதுக்கு இல்லைன்னீங்களே?"

"விக்கல. செத்துப்போன என் தம்பி கிளின்ட்டோட வண்டி அது. கரும்பு ஏத்திட்டு வர்ற ரயிலுக்கு முன்னால தண்டவாளத்தைத் தாண்டிடலாம்னு நெனச்சான்..." கையிலிருந்த பேடைப் புரட்டினான். "இத்தனை வருஷமா ஒரு திருகைக்கூட நான் தொட்டதில்ல. பிரேக் போயிடுச்சுன்னு ஊர் பேசிச்சு. பிரிச்சுப் பார்க்க எனக்கும் பயம். நேத்துதான் பார்த்தேன். பாதிகூடத் தேயல. பிரேக் நல்லாத்தான் இருந்திருக்கு, நெரினா. அவன்தான் பிடிக்கல."

அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம். இதை நான் எப்படி வாங்குவேன்? எடுத்துட்டுப் போயிடுங்க."

"கிளின்ட்டுக்குத்தான் உதவல. உங்களுக்காவது உதவட்டும். எனக்காக வாங்கிக்கோங்க."

டிஸ்கை அவள் துடைத்தாள். பேடை அவன் மாட்டினான். பிறகு கரும்புக் காட்டுச் சாலையில் போவதும் வருவதுமாக அவள் பிரேக்கை மெல்லப் பிடித்துப் பிடித்துப் பேடைப் பழக்கினாள். கடைசியில் ராய்ஸ் சாலை நடுவில் போய் நின்றான்.

"என்னைப் பார்த்து வாங்க. என்கிட்ட வந்து நிறுத்துங்க."

"பைத்தியமா உங்களுக்கு?"

"இருக்கலாம். வாங்க."

வந்தாள்... தூறலைக் கிழித்துக்கொண்டு வந்தாள். அவன் அசையவில்லை. ஒரு கை தூரத்தில் வண்டி நின்றது. இருவருக்குமே மூச்சு வாங்கியது. அவள் கன்னத்தில் வழிவது மழையா, கண்ணீரா... கேட்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை ஆல்டோ தன் வண்டிக்குப் பின்னால் மயானம் போனார். கறுப்பு உடையில் நெரினா நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டினாள். உறவுக்காரர்கள் கார்களில் வரிசையாக ஊர்ந்து போக, இஸ்திரி போட்ட சட்டை நனைய நனைய, சாலையோரமாக நடந்தே போனான் ராய்ஸ். ஒரு தடவைகூட அவள் தலையைத் திருப்பவில்லை. மயான வாசலோடு அவன் திரும்பிவிட்டான். அவள் அப்பாவோடு இருக்கிற நேரம், நடுவில் நான் யார்?

திங்கட்கிழமை கொட்டகை வாசலில் வண்டிச் சத்தம். ராய்ஸ் பதறி எழுந்தான்.

"என்ன ஆச்சு? பிரேக்ல ஏதாவது..."

"நல்லாத்தான் இருக்கு."

"சத்தம் வருதா?"

"இல்ல."

"பின்ன என்ன வேணும்?"

"வண்டிக்கு ஒண்ணும் வேணாம்." ஹெல்மெட்டைக் கழற்றினாள். "மெல்போர்ன் டிக்கெட்டை ரத்து பண்ணிட்டேன். ஏன்னு கேளு."

'நீங்க' போய் 'கேளு' வந்துவிட்டது. ராய்ஸுக்குக் காது சிவந்தது.

"கேக்க பயமா இருக்கு."

"ரோட்டு நடுவுல நின்னப்ப வராத பயமா?"

"அதைவிட இதுதான் பயமா இருக்கு." துணியால் கையைத் துடைத்தான். துடைத்த கையையே மறுபடி துடைத்தான். "நானே சொல்லிடறேன், நெரினா. கிளின்ட்டுக்கு அப்புறம் நான் யாரையும் கிட்ட சேர்த்ததில்ல. நீ அந்த வாசல்ல வந்து என்னைத் திட்டினதுல இருந்து உன் நெனப்பாவே இருக்கு. உன்னை நேசிக்கிறேன். வெள்ளிக்கிழமை நீ போன வழியெல்லாம் மழையில நடந்தே வந்தேன். உனக்குத் தெரியாது..."

"தெரியும்," என்றாள். கண்கள் மெல்ல நிறைந்தன. "வண்டிக் கண்ணாடியில உன்னைப் பார்த்துக்கிட்டேதான் ஓட்டினேன்."