சுத்தத் தட்டு

மைக்ராஸ்கோப் மேடையிலிருந்து தட்டைப் பிடுங்கினாள். டார்ச்சைத் தாடைக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு மூடியைப் பார்த்தாள். அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். இரண்டிலும் ‘சுத்தம்’ என்றே எழுதியிருந்தது. அவளுடைய கையெழுத்துதான்.

பிறகு ஏன் அது பச்சையாக மின்னுகிறது?

வெளியே உச்சி வெயில். இந்த அறைக்கு மட்டும் பகல் கிடையாது. ஜன்னலை அட்டை வைத்து அடைத்து, கதவுக்குக் கறுப்புத் திரை தொங்கவிட்டிருக்க, ஸ்பிரிட் வாடையும் பிளீச்சிங் வாடையும் வெளியேற வழியில்லாமல் ஒன்றோடொன்று ஊறிக் கிடக்க, உயிர்ச் செல்களை உடம்புச் சூட்டிலேயே வைத்திருக்கும் பெட்டி மூலையில், தூக்கத்தில் யாரோ முனகுவதுபோல ஓடிக்கொண்டிருந்தது. பகலெல்லாம் லேப், இரவெல்லாம் ஆஸ்பத்திரியில் தங்கையின் கட்டிலோரம் என்று மாதக்கணக்காக அல்லாடியவளுக்கு அந்த முனகலே தாலாட்டு. இன்று தூக்கம் வரவில்லை.

தினமும் இரண்டு தட்டுகள். இரண்டிலும் எலியின் தசைச் செல்கள், ஒரே சாயம். செல்லுக்குள் கால்சியம் பொங்கி அபாயக் குரல் எழுந்தால் சாயம் பச்சையாக ஒளிரும். ஒன்றில், அவர்கள் ஆராயும் நோய் ஒட்டுண்ணியை விடுவாள். அது மின்ன வேண்டும். மற்றதில் விடமாட்டாள், அது இருண்டே கிடக்க வேண்டும்.

மேஜையில் கைபேசி அதிர்ந்து அதிர்ந்து அடங்கியது. தங்கச்சி. அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

திரையை விலக்கிக்கொண்டு சீனியர் வந்தார். இருட்டறையிலேயே காலம் தள்ளுவதால், முதுகுக்குப் பின்னால் அவருக்கு ‘ஆந்தை’ என்று பெயர்.

“என்னம்மா, மூடிய மாத்திப் போட்டுட்டியா?”

“இல்ல சார். அடியிலயும் எழுதியிருக்கேன்.”

“தூக்கத்துல எழுதியிருப்ப. உன் மூஞ்சியப் பாத்தா எனக்கே கொட்டாவி வருது. புதுசா ஒண்ணு போடு.”

போட்டாள். புதுக் கையுறை. பெட்டியிலிருந்து யாரும் தொடாத தட்டு. சாயம், உப்புக் கரைசல், செல்களுக்குத் தீனியாகச் சீரம். ஒட்டுண்ணிக் குப்பியின் பக்கமே போகவில்லை. விளக்கை அணைத்துவிட்டுக் கண்ணை வைத்தாள். இருட்டு. பத்து நிமிடம், இருபது நிமிடம், இருட்டு. தோள் இறங்கியது. அப்பாடா என்று மூச்சு விட்டாள்.

ஓரத்தில் ஒரு பொட்டு.

பச்சை.

அணைந்தது. பக்கத்துச் செல்லில் இன்னொன்று. அதன் சுவரருகே மெல்லிசாக ஏதோ நெளிந்தது.

“சார்...”

ஆந்தை குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது குரலில் கிண்டல் இல்லை.

“உள்ள போய்க்கிட்டிருக்கும்மா. இது கதவ உடைக்கிற திருடன் இல்ல. சுவத்துல சின்னதா ஒரு கீறல் போடும், அவ்வளவுதான். செல்லு பதறிப்போயி, ஓட்டைய அடைக்க உள்ளேர்ந்து ஆள் அனுப்பும். வந்த ஆளோட கையப் பிடிச்சுக்கிட்டே இது உள்ள போயிடும். செல்லே கூப்பிட்டு உக்கார வைக்குது.” மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். “சரி, என்னென்ன ஊத்தின? ஒண்ணொண்ணா சொல்லு.”

“சாயம்.”

“நேத்து பிரிச்ச பாட்டில். சரி.”

“உப்புக் கரைசல்.”

“நான் கலக்கினது. சரி.”

“சீரம்.”

“சீரம்தான் தீந்துபோச்சே? பார்சல் வரலன்னு என்கிட்ட சண்டை போட்டியே?”

“என் ரத்தத்துலேர்ந்து எடுத்துக்கிட்டேன் சார். நேத்துக் காலையில. உங்க காலத்துல எல்லாரும் அப்படித்தான் பண்ணுவோம்னு நீங்கதானே சொன்னீங்க.”

பெட்டி முனகியது.

ஆந்தை ஓரடி பின்னால் நகர்ந்தார். அவர் நகர்ந்ததை அவள் பார்த்தாள்.

“கையக் காட்டும்மா.”

கையுறையை உருவினாள். இடது ஆள்காட்டி விரலில் பிளாஸ்திரி. அதற்கடியில் பட்டாணி அளவுக்கு ஒரு புடைப்பு. வலியே இல்லாத புடைப்பு. ஐந்து வாரத்துக்கு முன்னால் ஊசி குத்திய இடம். சுத்தக் குப்பியில் நுழைத்த ஊசிதான் அது என்று அன்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தினமும் சொல்லிக்கொண்டாள். வெளியே சொன்னால் பரிசோதனை, விசாரணை, படுக்கை. தங்கைக்கு ஆபரேஷன் தேதி குறித்திருந்தார்கள். அவளுக்கு இவளை விட்டால் யார்?

“யார்கிட்டயும் சொல்லலையா?”

கைபேசி மறுபடி அதிர்ந்தது. எடுத்தாள். ஸ்பீக்கரில் விரல் பட்டுவிட்டது.

“அக்கா, எத்தன தடவ கூப்பிடறது? அந்த நாலு நாள் ஜுரம் இன்னிக்கும் விடவே மாட்டேங்குது. தையலெல்லாம் நல்லா ஆறிடுச்சு, எதனாலன்னு புரியலைங்கறார் டாக்டர்.”

“நீ... நீ படுத்துக்கோ. நான் வரேன்.”

“பயப்படாதக்கா. சும்மா போயிடுவேனா? சின்ன வயசுல உன் சட்டைய எடுத்துப் போட்டாலே தலையில கொட்டுவ. இப்ப ஒரு பாட்டில் உன் ரத்தமே எனக்குள்ள ஓடுது. என்ன பண்ணுவ, சொல்லு?”

சிரித்தாள் தங்கை. சிரிப்பு இருமலாக மாறியது.

ஆந்தை சுவரோடு சுவராக நின்றார்.

அவள் கண் தானாகவே மைக்ராஸ்கோப்புக்குப் போனது. தட்டில் இப்போது இருட்டு என்று ஓர் இடம் இல்லை. ஒவ்வொரு செல்லாக. பச்சை. பச்சை. பச்சை.

மூன்று வாரத்துக்கு முந்தைய அந்த வெள்ளிக்கிழமை, ஆபரேஷன் முடிந்த மறுநாள். தங்கைக்கு உள்தையல் பிரிந்து ரத்தம் கொட்டியது. ‘உடனே வாங்க’ என்று ஆஸ்பத்திரியிலிருந்து போன். செருப்புகூடப் போடாமல் ஓடினாள். பிளட் பேங்கில் ஒரு படிவத்தை நீட்டினார்கள். பதினோராவது கேள்வி: ‘அண்மையில் ஊசி ஏதேனும் தவறுதலாகக் குத்தியதா?’

‘இல்லை’ என்று டிக் அடித்தாள். சட்டைக் கையை மடித்துவிட்டு, நர்ஸ் தேடுவதற்கு முன்னால், நரம்பை அவளே தட்டிக் காட்டினாள்.