பகலில் எரிந்த சிவப்புப் புள்ளிகள்

கொட்டகலையில் மார்கழி பிறந்துவிட்டால் குழாய்த் தண்ணீர் விரலைக் கடிக்கும்; துவைத்துப் போட்ட துணி மூன்று நாளானாலும் ஈரம் விடாது. அப்படிப்பட்ட ஒரு காலையில், பின்வாசலுக்கு மேலே மாட்டியிருந்த கேமராவைத் துடைக்க முக்காலியில் ஏறிய யசோதினி, அடுப்புச் சட்டியைத் தொட்டவள்போலக் கையை இழுத்துக்கொண்டாள். ஊரே விறைத்துக் கிடக்க, அது மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது.

யசோதினி யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த கணக்கு டீச்சர். கணவன் கஜதீபனுக்குக் கொழும்பில் வேலை. தேயிலை மலையை ஒட்டிய அந்த வாடகை வீட்டில் அவளும் நாலு வயது மகள் கௌசியும்தான். பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளக் கீழே தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து மீனம்மா வருவாள். போன மாதம் லயத்து நாயைச் சிறுத்தை தூக்கிப் போனதும் கஜதீபனுக்கு உறக்கம் போயிற்று. உடனே கேமரா ஒன்றை வாங்கி வந்து மாட்டி, ஹோலில் இருந்த டிவியோடு இணைத்துக் கொடுத்துவிட்டுப் போனான். பின்முற்றத்தில் கௌசி விளையாடும் இடம் முழுவதும் அதில் தெரியும். மீனம்மா வேலை செய்துகொண்டே எட்டிப் பார்த்துக்கொள்ளலாம். அந்தத் தைரியத்தில்தான் யசோதினி பிள்ளையை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள்.

சூட்டுக்குக் காரணம் கையும் களவுமாகப் பிடிபட்டது. கௌசியின் சிவப்புக் கம்பளித் தொப்பி, கண்ணை மட்டும் வெளியே விட்டு, கேமராவுக்குக் கச்சிதமாக மாட்டப்பட்டிருந்தது.

"இது ஆர் செய்த வேலை, மீனம்மா?"

"நாந்தாங்க டீச்சர். பனியில நனைஞ்சிக்கிட்டே கெடந்துச்சு, பாக்கப் பாவமா இருந்துச்சுங்க. பாப்பாவுக்குப் போடுற மாதிரி போட்டு விட்டேன்."

யசோதினிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "கேமராவுக்குச் சளி தடிமன் ஒண்டும் பிடிக்காது. மூடினால்தான் பழுதாப்போகும்."

தொப்பியைக் கழற்றிக் கௌசியின் தலையில் மாட்டினாள். அது இன்னும் இளஞ்சூடாக இருந்தது. அந்தச் சூடு பிள்ளைக்குப் பிடித்துப்போயிற்று. அதன் பிறகு உறங்கும்போதுகூடத் தொப்பியைக் கழற்ற விடவில்லை.

ஆனால் சூடு தணியவில்லை. அடுத்த நாள் பிற்பகல் அவள் வீடு திரும்பியபோது டிவியில் வெறும் வெள்ளைதான் தெரிந்தது. பனிமூட்டமாக்கும் என்று ஜன்னலைத் திறந்தாள். வெளியே நல்ல வெயில். தேயிலைச் செடிகள் இலை இலையாகத் தெரிந்தன. பின்வாசலிலோ, பிளாஸ்டிக் கருகும் வாடை.

ஹட்டனிலிருந்து மதுரனை வரவழைத்தாள். டிவி, ரேடியோ, கேமரா எல்லாம் பார்க்கிற கடைக்காரப் பையன், வாய் ஓயாதவன். அடுப்படிப் புகைக்கூண்டுக்குப் பக்கத்தில் மாட்டினால் பாவம் அது என்ன செய்யும் என்று சொல்லி, கேமராவைக் கழற்றி இரண்டு முழம் தள்ளி நிழலில் பொருத்தினான். காற்றுப் போகும் ஓட்டையில் குளவி கட்டியிருந்த மண்ணைச் சுரண்டினான். கரண்டு கொடுக்கும் அடாப்டரையும் புதிதாக மாற்றினான். பிறகு கேமராவின் முகத்தைப் பார்த்தவன் வாயை மூடிக்கொண்டான்.

கண்ணைச் சுற்றிச் சிவப்புப் புள்ளிகள் எரிந்துகொண்டிருந்தன.

"டீச்சர், பட்டப்பகல்ல இந்த லைட் எரியக்கூடாதுங்க. இருட்டுனாத்தான் எரியும். கண்ணை ஏதாச்சும் மறைச்சா, ராத்திரியாயிருச்சின்னு இது நெனச்சுக்கும். ராவும் பகலும் எரிஞ்சா சூடேறத்தானே செய்யும்?"

"கண்ணை எது மறைக்குது?"

"அதாங்க வெளங்கல." கண்ணாடியைத் துடைத்தான். புள்ளிகள் அணையவில்லை. "டிவி வெள்ளையா கெடக்குதே, அதும் பனியில்லங்க. ஏதாச்சும் ரொம்பக் கிட்டத்துல நின்னா, இந்த லைட் அதுல பட்டுத் திரும்பி வெள்ளையாத்தான் தெரியும்." சொல்லிவிட்டுச் சிரித்தான். சிரித்துக்கொண்டே கேமராவுக்கு முன்னால் வெறும் காற்றில் கையை நீட்டினான்.

சட்டென்று இழுத்துக்கொண்டான். உள்ளங்கையைக் காற்சட்டையில் தேய்த்தான். மறுபடியும் தேய்த்தான்.

"என்ன?"

"ஒன்னுமில்லங்க. பகல்ல ஓஃப் பண்ணிப் போடுங்க. அது ஆறட்டும்." ஊற்றி வைத்த தேத்தண்ணியைக்கூடக் குடிக்காமல் ரோட்டுக்கு ஏறிவிட்டான்.

யசோதினி ஆறிப்போன தேத்தண்ணியைக் கொட்டினாள். கணக்குப் படித்தவளுக்கு இதெல்லாம் என்ன பயம் என்று தன்னைத்தானே கடிந்துகொண்டாள். ஆனாலும் கேமராவை நிறுத்த மனம் வரவில்லை. இடைக்கிடை வெள்ளை விலகி முற்றம் தெரியத்தான் செய்தது; அதையும் நிறுத்தினால் பிள்ளையை யார் பார்ப்பது?

சனிக்கிழமை மீனம்மா வரவில்லை. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கௌசி முன்னறையில், ஜன்னலோரக் கட்டிலில் தூங்கிப்போனாள். யசோதினி ஹோலில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். சமையலறைப் பக்கமிருந்து கருகல் வாடை மெல்ல மெல்ல வந்து மேசை வரைக்கும் எட்டியது. அதோடு, சூடேறிய தகரம் நெளிவதுபோல டிக், டிக் என்று ஒரு சத்தம். கொப்பியிலேயே கண்ணை வைத்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை.

டிவி வெள்ளையாக இருந்தது. அந்த வெள்ளையின் நடுவில் ஒரு மடிப்பு. ஈரமான மடிப்பு. அது மெதுவாகத் திறந்தது. மெதுவாக மூடியது.

எழுந்தாள். சுவிட்ச் சமையலறையில். நாலே எட்டு; சுவரைப் பிடித்துப் பிடித்துப் போனாள். டிக். டிக். பின்கதவின் கண்ணாடியைப் பார்க்காமல் கையை நீட்டிச் சுவிட்சைத் தேடித் தடவினாள். தட்டினாள்.

சத்தம் நின்றது.

காத்திருந்தாள். எதுவும் நடக்கவில்லை. தூரத்தில் கொட்டகலை ஸ்டேஷனில் ரயில் கூவியது. அந்தச் சத்தம் கொடுத்த தைரியத்தில் கதவைத் திறந்து முக்காலியில் ஏறினாள். சிவப்புப் புள்ளிகள் அணைந்திருந்தன. கேமராவைத் தொட்டாள். இவ்வளவு சீக்கிரத்தில் அது பனிக்கட்டியாய்க் குளிர்ந்திருந்தது. முற்றத்தில் வெயில். யாருமில்லை. அப்பாடா என்று கேமராவின் மேலேயே நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள். தொலைந்தது என்று நினைத்தாள். கண்ணீர்கூட வந்துவிட்டது.

"அம்மா," என்று உள்ளேயிருந்து கௌசி கூப்பிட்டாள். "லைட்டைப் போடுங்கோ."

யசோதினி முக்காலியிலிருந்து இறங்கினாள்.

"இருட்டாக் கிடக்கு, அம்மா."

ஓடினாள். முன்னறை வாசலில் கால் நின்றுவிட்டது. அறை முழுவதும் வெயில். வெள்ளைச் சுவரைப் பார்க்கக் கண் கூசியது. கட்டிலில் கௌசி எழுந்து உட்கார்ந்திருந்தாள். தலையில் சிவப்புத் தொப்பி. கண்கள் அகலத் திறந்திருந்தன; கருமணி விரிந்து கண் முழுவதும் கறுப்பு. கன்னங்கள் சிவந்து, வியர்வை வழிந்து கழுத்தை நனைத்திருந்தது. அவள் உடம்பின் அனல் வாசல் வரைக்கும் வீசியது.

"பிள்ளை..."

வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

கௌசி கையைத் தூக்கினாள். தன் முகத்துக்கு நாலு விரல் தூரத்தில், வெறும் காற்றில், கை எதிலோ பட்டு நின்றது. சின்ன விரல்கள் மெல்ல அதைத் தடவின. மேலே. கீழே. ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறின.

ஜன்னல் பூட்டியிருந்தது. தொப்பியின் கம்பளி மயிர் மட்டும் அசைந்தது. பின்னால் சாய்ந்தது. முன்னால் வந்தது. மறுபடியும் பின்னால்.

"ஏனம்மா," என்றாள் கௌசி, "இவ்வளவு கிட்ட நிக்கிறியள்?"